கைதட்டல் கல்வியாகாது!

ஆக்கியவனே தன் ஆக்கத்தைப் பார்த்துத் தலையசைத்து மகிழ்வது கலையன்று; அது கண்ணாடி முன் நின்று தன் தோளைத் தானே தட்டிக்கொள்ளும் சிறுபிள்ளைச் செயல். ஆக்கியவனைச் சுற்றி அவன் நண்பர் பதின்மர் நின்று கைதட்டுவதும் கல்வியன்று. அது கண்ணாடியைப் பத்தாக்கி வைத்துக்கொள்ளுதல். கண்ணாடி ஒன்றாயினும் பத்தாயினும் அதில் தெரிவது ஒரே முகந்தான். பிறர் கண்ணில் தன் ஆக்கம் எவ்வாறு விழுந்தது என்று அறியத் துணிகின்றவனே கற்கத் தொடங்குகின்றான். அத்துணிவு இல்லாதவனுக்குப் படக்கருவி இருந்தென்ன? கணிப்பொறி இருந்தென்ன? ஆயிரம் கருவிகளை அடுக்கி வைத்தாலும் கேளாக் காது கேளாக் காதே!

இஃது எல்லார்க்கும் தெரிந்த பொதுவுண்மை எனக் கூறி ஒதுக்கிவிட முடியாது. தெரிந்த உண்மையைத் தெரிந்துகொண்டே புதைக்கும் கல்விமுறை ஒன்று கண்முன்னே நிற்கின்றது. இளைஞர்களின் கைகளில் இசையும் ஒளியும் கொடுத்து, ‘ஆக்குக’ என்று ஏவி, ஆக்கி முடித்தபின் ‘பார்த்தவர் என்ன சொன்னார்?’ என்னும் வினாவை முதலில் வெறுஞ்சடங்காக்கி, பின்னர் அச்சடங்கையும் தூக்கி எறிந்த வரலாறு இங்கிலாந்து நாட்டின் மேனிலைப் பள்ளிகளில் நடந்திருக்கின்றது. அவ்வரலாற்றைக் கற்போர் அனைவரும் அறிதல் வேண்டும். கற்பிப்போர் அவரினும் முன்னே அறிதல் வேண்டும்.

ஒரு வினாவின் பிறப்பு

இங்கிலாந்தில் ‘ஏ-லெவல்’ எனப்பெறும் மேனிலைத் தேர்வுக்குரிய பாடங்களுள் ஊடகவியலும் ஒன்று. ஓ.சி.ஆர். என்னும் தேர்வுக் கழகம் 2008-இல் தொடங்கிய பாடத்திட்டத்தில், இரண்டாம் ஆண்டு மாணவர்க்கு ஒரு பெரும் செய்பணி வகுக்கப்பட்டிருந்தது. மாணவர் தேர்ந்துகொள்ளத்தக்க பணிகளுள் இசைக்காணொளி ஒன்று. புதிதாக வெளிவரும் பாட்டுத் தொகுதி ஒன்றைப் பரப்புதற்குரிய காணொளியை எடுத்தல் வேண்டும். அதனோடு அத்தொகுதியின் உறை, இதழ் விளம்பரம், இசைக்குழுவின் இணைய முகப்பு ஆகியவற்றுள் இரண்டையும் ஆக்கித் தருதல் வேண்டும். மொத்த மதிப்பெண் 100. ஆய்வுக்கும் திட்டமிடலுக்கும் 20, ஆக்கத்திற்கு 60, தன் ஆக்கத்தைத் தானே மதிப்பிட்டுரைப்பதற்கு 20.

அம்மதிப்பீட்டுக்கென நான்கு வினாக்கள் இருந்தன. உண்மையான ஊடக ஆக்கங்களின் மரபை மாணவனின் ஆக்கம் எவ்வாறு பின்பற்றியது, வளர்த்தது, அல்லது மறுத்தது என்பது முதல் வினா. தலைமை ஆக்கமும் துணை ஆக்கங்களும் எவ்வளவு பொருந்தின என்பது இரண்டாவது. கருவிகளை எவ்வாறு பயன்கொண்டான் என்பது நான்காவது. இவற்றிடையே மூன்றாவதாக நின்றது ஒரு வினா: பார்வையாளர் கூறியவற்றிலிருந்து என்ன கற்றுக்கொண்டாய்?

நான்கனுள்ளும் உயிர்வினா இஃதே. ஏனைய மூன்றுக்கும் மாணவன் தன் அறையிலேயே அமர்ந்து விடையெழுதிவிடலாம். மரபு நூலில் இருக்கின்றது. பொருத்தம் அவன் கண்ணில் இருக்கின்றது. கருவி அவன் கையில் இருக்கின்றது. மூன்றாம் வினாவிற்கோ அவன் அறைக்கதவைத் திறந்து வெளியே வந்தாக வேண்டும். தன்னை அறியாத ஒருவர் முன் தன் ஆக்கத்தை வைத்துவிட்டு வாய்மூடி நின்றாக வேண்டும். பதினேழு பதினெட்டு அகவை இளைஞனுக்கு இதனினும் அச்சந்தரும் செயல் வேறில்லை. இதனினும் அவனை வளர்க்கும் செயலும் வேறில்லை.

பத்துப் பேரும் ஒரு வட்டமும்

இத்துணைச் சிறந்த வினாவிற்கு நேர்ந்த கதி யாது? மாணவர் பலர் தம் வகுப்புத் தோழர் பதின்மரை அழைத்தனர். படிவம் ஒன்றை நீட்டினர். ‘காணொளி பிடித்திருந்ததா? ஆம், இல்லை.’ ‘எந்தக் காட்சி மிகவும் பிடித்தது?’ ‘எத்துணை மதிப்பெண் தருவீர்?’ பதின்மரும் நண்பர். அவர்தம் காணொளிக்கும் நாளை இவர்களே பார்வையாளர். இன்று நீ என்னைப் புகழ்ந்தால் நாளை நான் உன்னைப் புகழ்வேன் என்பது எழுதப்படாத உடன்படிக்கை. எண்மர் ‘ஆம்’ என்றனர். உடனே கணிப்பொறியில் வட்ட விளக்கப்படம் ஒன்று முளைத்தது. ‘80 விழுக்காட்டினர் பாராட்டினர்’ என்று எழுத்து மின்னியது. இதிலிருந்து கற்றது என்ன? ‘என் ஆக்கம் வெற்றி பெற்றது என்று கற்றேன்’ என விடையும் முடிந்தது!

விழுக்காடாம், விழுக்காடு! பத்துப் பேரில் எண்மரை ‘எட்டுப் பேர்’ என்று சொன்னால் நாணம் வருகின்றது. ‘80 விழுக்காடு’ என்று சொன்னால் அறிவியல் வருகின்றது போலும்! ஒருவர் கருத்து மாறினால் பத்து விழுக்காடு சரிந்துவிடும் கணக்கை வட்டமாக வரைந்து வண்ணந்தீட்டுவது ஆய்வன்று, கோலம் போடுதல். அக்கோலத்துள் மறைந்து போனவர் ‘இல்லை’ என்ற இருவர். அவ்விருவரும் ஏன் இல்லை என்றனர்? எந்தக் காட்சியில் முகஞ்சுளித்தனர்? எந்த இடத்தில் கைப்பேசியை எடுத்தனர்? அவ்விருவர் வாயில் இருந்தது கல்வி. எண்மர் வாயில் இருந்தது தேன். தேனை நக்கிவிட்டுக் கல்வியை எறிந்தனர்.

பழி மாணவர் மேல் மட்டும் விழுவதன்று. எந்த விடைக்கு எத்துணை மதிப்பெண் என்று கணக்கிட்டுக் கற்பிக்கும் இடத்தில், குறை கண்டதை எழுதினால் மதிப்பெண் குறையுமோ என்னும் அச்சம் மாணவனுக்கு வருவது இயல்பே. ‘என் கதை ஒருவர்க்கும் விளங்கவில்லை’ என்று உண்மையை எழுதுவோன் தன் கையாலேயே தன் கழுத்தை அறுத்துக்கொள்வதாகக் கருதுகின்றான். உண்மை எழுதுவோன் அஞ்சவும், பொய்ப்புகழ் திரட்டுவோன் துணியவும் செய்யும் முறை எதுவாயினும் அது கல்விமுறை ஆகாது.

தட்டியவனும் கேட்டவனும்

‘என் ஆக்கத்தின் குறை எனக்கே தெரியாதா? பிறர் சொல்லியா தெரியவேண்டும்?’ என்று செருக்குடன் வினவுவாரும் உளர். அவர்க்கு விடையாக ஓர் ஆய்வைச் சொல்லலாம். அமெரிக்க நாட்டு இசுடான்போர்டு பல்கலைக்கழகத்தில் 1990-இல் எலிசபெத் நியூட்டன் என்பார் தம் முனைவர் பட்டத்திற்காக எளிய ஆய்வொன்றைச் செய்தார். ஒருவர் எல்லார்க்கும் தெரிந்த பாட்டொன்றை நினைத்துக்கொண்டு, வாய்திறவாமல், அதன் தாளத்தை மட்டும் விரலால் பலகையில் தட்டவேண்டும். எதிரே இருப்பவர் அப்பாட்டு எதுவென்று சொல்லவேண்டும். தட்டியோரைக் கேட்டபோது, ஏறத்தாழப் பாதிப் பாட்டுகளையேனும் கேட்போர் கண்டுபிடித்துவிடுவர் என்றனர். நடந்தது என்ன? 120 பாட்டுகளில் கேட்போர் கண்டுபிடித்தவை 3 மட்டுமே!

ஏன் இவ்வளவு பெரிய வேறுபாடு? தட்டுகின்றவன் தலைக்குள் பாட்டு முழுவதும் ஒலித்துக்கொண்டிருக்கின்றது. சொல், பண், இசைக்கருவி அனைத்தும் அங்கே உள. கேட்பவன் காதில் விழுவதோ ‘டக், டக்’ என்னும் ஓசை மட்டுமே. தன் தலைக்குள் ஒலிப்பது எதிரியின் காதிலும் ஒலிக்கின்றது என்று தட்டுகின்றவன் நம்புகின்றான். அவன் பொய் சொல்லவில்லை. அவனால் அப்பாட்டைக் கேளாமல் இருக்க முடியவில்லை. அறிந்ததை அறியாததாக்கிக்கொள்ளும் ஆற்றல் மாந்தனுக்கு இல்லை.

இசைக்காணொளி எடுக்கும் மாணவனின் நிலை இதுவேயன்றோ? காணொளியில் வரும் பெண் தன் இறந்துபோன தமக்கையை நினைத்தே கடற்கரைக்கு வருகின்றாள் என்பது அவனுக்குத் தெரியும். கதைத்தாளில் அவனே எழுதியது. பழைய ஒளிப்படம் ஒன்று இரண்டு நொடி காட்டப்பெறுகின்றது. அதில் இருப்பவள் தமக்கை என்பது அவனுக்கு வெள்ளிடைமலை. பார்ப்பவர்க்கோ ஒரு பெண், ஒரு கடல், ஏதோ ஒரு படம். இரு நூறு முறை அக்காட்சியைத் தொகுப்புத் திரையில் பார்த்த கண்ணுக்கு அக்குறை தெரியவே தெரியாது. முதன்முறை பார்க்கும் கண்ணுக்கு மட்டுமே தெரியும். அந்த முதற்கண்ணை ஆக்கியவன் என்றோ இழந்துவிட்டான். இழந்த கண்ணைப் பிறரிடம் இரந்துதான் பெறவேண்டும். இதில் இழிவில்லை, இரவாதிருந்து குருடனாய் நடப்பதே இழிவு.

பார்ப்பவர் வெறுங்குடம் அல்லர்

பார்வையாளரை, ஆக்கியவன் ஊற்றுவதை வாங்கிக்கொள்ளும் வெறுங்குடமாகக் கருதும் எண்ணத்தை உடைத்தவருள் தலையாயவர் இசுடூவர்ட் ஆல். மேற்கிந்தியத் தீவுகளில் 1932-இல் பிறந்து இங்கிலாந்துக்குக் கற்க வந்து, பிர்மிங்காம் பல்கலைக்கழகத்தின் பண்பாட்டாய்வு நடுவத்தை நடத்திய அறிஞர் அவர். தொலைக்காட்சியில் பொருள் எவ்வாறு பொதியப்படுகின்றது, எவ்வாறு அவிழ்க்கப்படுகின்றது என்று 1973-இல் அவர் எழுதிய கட்டுரை இன்றும் பேசப்பெறுகின்றது. ஆக்கியவன் கருதிய பொருளையே ஏற்பார் உளர். ஓரளவு ஏற்று ஓரளவு தம் வாழ்க்கைக்கேற்ப மாற்றிக்கொள்வார் உளர். முற்றும் எதிர்த்துப் பொருள் கொள்வாரும் உளர் என்று மூன்று நிலைகளை அவர் வகுத்தார். பொதிந்தவன் ஒருவன், அவிழ்ப்பவர் பலர். அவிழ்ப்பவர் கையிலும் உரிமை உண்டு.

அந்நடுவத்தைச் சார்ந்த டேவிட் மார்லி இக்கருத்தை உண்மை மக்களிடையே வைத்து ஆய்ந்தார். பி.பி.சி. ஒளிபரப்பிய ‘நேசன்வைடு’ என்னும் செய்தி நிகழ்ச்சியை 29 குழுவினர்க்குக் காட்டி, அவர்களைப் பேசவிட்டுக் கேட்டு, 1980-இல் நூலாக்கினார். வைப்பக மேலாளர், தொழில் பயில்வோர், தொழிற்சங்கத்தார், மாணவர் எனப் பலரும் அக்குழுக்களில் இருந்தனர். ஒரே நிகழ்ச்சி, ஒரே படம், ஒரே சொல். ஆயினும் பொருள் பலவாயிற்று. உழைக்கும் வகுப்பிலேயே தொழில் பயில்வோர் ஒருவகையாகவும் தொழிற்சங்கத்தார் வேறுவகையாகவும் பொருள் கொண்டனர். கருப்பின மாணவர் சிலரோ அந்நிகழ்ச்சியைப் பற்றிப் பேசவே முற்படவில்லை. அது தம் வாழ்க்கைக்குத் தொடர்பற்றது என்று வாளா இருந்தனர்.

அந்த வாளாமையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். படிவத்தில் ‘கருத்தில்லை’ என்னும் கட்டத்தில் அடைபட்டுப் போகும் அவ்வமைதிதான் உண்மையில் உரத்த குரல். ‘நீ என்னை நோக்கிப் பேசவேயில்லை, நான் ஏன் உனக்கு மறுமொழி சொல்லவேண்டும்?’ என்று அது கேட்கின்றது. இதனை எந்த வட்ட விளக்கப்படம் காட்டும்? பதின்மருள் எண்மர் பேசினர் என்று எண்ணுவோன், பேசாத இருவரிடம் போய் அமர்ந்தானா? அமர்ந்திருந்தால் அவன் ஊடகவியல் கற்றவன். இன்றேல் கூட்டல் கணக்குக் கற்றவன்.

கேட்டல் வேறு, பணிதல் வேறு

இனி, மறுபுறம் ஒரு பள்ளம் உண்டு. பார்வையாளர் சொல் அனைத்தையும் ஆணையாகக் கொண்டு, அவர் சிரித்த இடத்தைப் பெருக்கி, அவர் கொட்டாவி விட்ட இடத்தை வெட்டி, ‘மக்கள் விருப்பம்’ என்று பெயர் சூட்டிக்கொள்ளும் அடிமைத்தனம் அது. வணிகத் திரையுலகம் நெடுங்காலமாக விழுந்து கிடக்கும் பள்ளம்.

ஆர்சன் வெல்சு இயக்கிய ‘மேக்னிபிசென்ட் ஆம்பர்சன்சு’ என்னும் திரைப்படத்திற்கு நேர்ந்தது இதற்குச் சான்று. 1942 மார்ச்சு 17-ஆம் நாள் கலிபோர்னியாவின் பொமோனா நகரில் அப்படம் முன்னோட்டமாகக் காட்டப்பெற்றது. அதற்கு முன் அவ்வரங்கில் ஓடியது போர்க்காலக் களியாட்டப் படமொன்று. ஆடிப்பாடிச் சிரித்த உள்ளத்தோடு இருந்த கூட்டத்தின்முன் ஒரு குடும்பம் அழிந்துபடும் அவலக்கதை விரிந்தது. கூட்டம் எள்ளி நகைத்தது. இரு நாள் கழித்து வேறொரு நகரில் காட்டியபோது வரவேற்பு மிக நன்றாக இருந்தும், அச்சங்கொண்ட ஆர்.கே.ஓ. நிறுவனம், இயக்குநர் பிரேசில் நாட்டில் இருந்தபோதே, 40 மணித்துளிக்கும் மேற்பட்ட பகுதியை வெட்டியது, முடிவையே மாற்றியது. வெட்டுண்ட படச்சுருள்களும் அழிக்கப்பட்டன. திரைப்படக் கலையை நெஞ்சார நேசிப்போர் இன்றளவும் அவ்விழப்பிற்கு வருந்துகின்றனர்.

இதில் பொமோனா மக்கள் செய்த பிழை யாது? ஒன்றுமில்லை. தாம் உணர்ந்ததை உணர்ந்தபடி காட்டினர். பிழை, அவ்வுணர்ச்சியைத் தீர்ப்பாக மாற்றியவருடையது. அவர்கள் எந்த உள்ளநிலையில் வந்தனர், எதற்கு முன் எதைக் கண்டனர், ஏன் நகைத்தனர் என்று ஒருவரும் ஆராயவில்லை, கத்தரிக்கோலை எடுத்தனர். நோயாளி ‘வலிக்கின்றது’ என்று சொல்லுவது உண்மை. அவ்வலிக்குரிய மருந்து எதுவென்று சொல்லவேண்டியவன் மருத்துவன். பார்ப்பவர் காட்டுவது வலியுள்ள இடத்தை. அங்கே அறுவை வேண்டுமா, மருந்து வேண்டுமா, ஒன்றுமே வேண்டாவா என்று துணிய வேண்டியவன் கலைஞன். கேளாதவன் செருக்கன்; கேட்டதற்கெல்லாம் பணிகின்றவன் கோழை. இருவரும் கல்லாதவரே.

கேட்கும் முறை

அவ்வாறாயின் எவ்வாறு கேட்பது? நான்கு மாணவர் ஓர் இசைக்காணொளி எடுக்கின்றனர் என்று கொள்க. அவர்கள் முதலிற் செய்யவேண்டுவது, வேலை முடிந்தபின் காட்டாமல் முடியுமுன் காட்டுதல். பூசி மெழுகி வண்ணந்தீட்டிய வீட்டைக் காட்டி, ‘சுவர் கோணலா?’ என்று கேட்பதில் பயனென்ன? செங்கல் அடுக்கும்போதே கேட்கவேண்டும். வரைவுத் தொகுப்பை வைத்துக்கொண்டு கேட்கும் வினாவிற்குக் கிடைக்கும் விடை, திருத்தமாக மாறும். இறுதித் தொகுப்பை வைத்துக்கொண்டு கேட்கும் வினாவிற்குக் கிடைக்கும் விடை, கட்டுரையாக மட்டுமே மாறும்.

இரண்டாவது, நண்பரை விட்டு அயலாரை நாடுதல். பாட்டு எந்த அகவையினர்க்கு, எத்தகைய சுவைஞர்க்கு என்று தாமே எழுதி வைத்தனரே, அவர்களைத் தேடிப் போகவேண்டும். அவருள்ளும் அப்பாட்டு வகையை விரும்புவாரும் வெறுப்பாரும் இருத்தல் வேண்டும்.

மூன்றாவது, ‘பிடித்ததா?’ என்னும் சொல்லையே நாவிலிருந்து அகற்றுதல். அவ்வினாவிற்கு நாகரிகமுள்ள எவரும் ‘ஆம்’ என்றே சொல்லுவர். ‘நீங்கள் கண்ட கதையை எனக்குச் சொல்லுங்கள்’ என்று கேட்கவேண்டும். பார்த்தவர் சொல்லும் கதையும் எடுத்தவர் எழுதிய கதையும் எங்கே பிரிகின்றனவோ அங்கே குறை இருக்கின்றது. அல்லது எடுத்தவர் எண்ணாத புதுப்பொருள் இருக்கின்றது. ஒலியை அடைத்துவிட்டு ஒருமுறை காட்டுக. படம் தனித்து நிற்கின்றதா என்பது தெரியும். பின்னர் ஒலியோடு காட்டுக. பாட்டு படத்தைத் தூக்குகின்றதா, படம் பாட்டை அமுக்குகின்றதா என்பது தெரியும்.

நான்காவது, பேச்சைக் கேட்பதினும் முகத்தைப் பார்த்தல். திரையைப் பார்க்காமல் பார்ப்பவரைப் பார்க்கவேண்டும். எந்த நொடியில் கண் விலகியது, எங்கே புருவம் நெரிந்தது என்பவற்றைக் குறித்துக்கொள்ளவேண்டும். நா புகழும், கண் பொய்யாது.

ஐந்தாவது, கிடைத்த குறைகளை வகைப்படுத்துதல். ‘பாடுபவர் வாயசைவு பாட்டோடு ஒட்டவில்லை’ என்று ஒருவர் சொன்னால் அது கைவினைக் குறை. நொடிக்கு 25 படச்சட்டம் ஓடும் காணொளியில் மூன்று சட்டம் பிந்தினாலும் நொடியில் நூற்றில் பன்னிரண்டு பங்கு பிந்துகின்றது. அச்சிறு இடைவெளியைக் கூர்ந்த கண் கண்டுகொள்ளும். கண்டவர் அது சட்டக் கணக்கு என்று சொல்லமாட்டார். ‘ஏதோ பொய்யாக இருக்கின்றது’ என்பார். இத்தகைய குறையை ஒருவரே சொன்னாலும் உடனே திருத்தவேண்டும். ‘படத்திற்கும் பாட்டிற்கும் தொடர்பில்லை’ என்று ஒருவர் சொன்னால் அது வேறு வகை. காணொளி, பாட்டின் பொருளை அப்படியே விளக்கலாம், பெருக்கிக் காட்டலாம், வேண்டுமென்றே அதனினின்று விலகியும் நிற்கலாம் என்று ஆண்ட்ரூ குட்வின் 1992-இல் இசைத் தொலைக்காட்சி பற்றி எழுதிய நூலில் வகுத்திருக்கின்றார். விலக்கம் நோக்கத்தோடு செய்யப்பட்டதாயின் அது நிற்கட்டும். ஆயின் அந்நோக்கம் பார்ப்பவர்க்குச் சிறிதேனும் எட்டுதற்கு வழி செய்யப்பட்டுள்ளதா என்று உசாவவேண்டும்.

இவற்றினும் அரிய மூன்றாம் வகைக் குறை ஒன்றுண்டு. ‘அந்தப் பெண்ணின் இடையையும் காலையும் காட்டினீர்கள், அவள் முகத்தை ஏன் காட்டவில்லை?’ என்று பார்த்தவருள் ஒரு பெண் கேட்கின்றாள் என்று கொள்க. இது கைவினைக் குறையுமன்று, சுவை வேறுபாடுமன்று, அறத்தின்மேல் எழுந்த வினா. திரைப்படக் கருவி ஆணின் கண்ணாக நின்று பெண்ணைப் பார்பொருளாக்குகின்றது என்று இலாரா மல்வி 1975-இல் எழுதியதைத் தேர்வுத்தாளில் எழுதி மதிப்பெண் வாங்கிய மாணவனே, தன் படக்கருவியில் அதனையே செய்திருப்பான். செய்ததை அறிந்தும் இருக்கமாட்டான். அவனுக்கு அதை உணர்த்த எந்நூலாலும் ஆகவில்லை. எதிரே அமர்ந்த ஒருத்தியின் ஒரு வினாவால் ஆயிற்று. பதின்மருள் அவள் ஒருத்தி. விழுக்காட்டுக் கணக்கில் அவள் வெறும் பத்து. கல்விக் கணக்கில் அவளே நூறு!

வினாவையே வெட்டினர்

மூன்றாம் வினா சடங்காகிப் போனதைக் கண்ட கல்வியாளர் செய்திருக்க வேண்டுவது யாது? சடங்கை மீண்டும் உயிராக்கல். நடந்தது யாது? 2017 முதல் கற்பிக்கப்பெற்று 2019-இல் முதற்றேர்வு நடந்த புதிய ஊடகவியல் பாடத்திட்டங்களில் செய்பணியின் பங்கு 30 விழுக்காடாகக் குறுக்கப்பட்டது. பழைய ஓ.சி.ஆர். திட்டத்திலோ ஈராண்டுச் செய்பணிகளும் சேர்ந்து அரைப்பங்கு பெற்றிருந்தன. புதிய திட்டத்தில் மாணவன் ஆக்கத் தொடங்குமுன் தன் நோக்கத்தை ஏறத்தாழ 500 சொற்களில் எழுதித் தருகின்றான். நன்று. ஆக்கி முடித்தபின் ‘பார்த்தவரிடம் என்ன கற்றாய்?’ என்று கேட்கும் அந்தப் பழைய வினாவிற்கு அங்கே இடமில்லை.

இதன் பொருளை எண்ணுக. ‘நீ என்ன செய்யப் போகின்றாய்?’ என்று கேட்பவர், ‘செய்தது போய்ச் சேர்ந்ததா?’ என்று கேளார். விதைக்குமுன் உழவனிடம் உரை கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு, அறுவடையின்போது கழனிப்பக்கமே எட்டிப் பாராத மேலாளர் போன்றது இது. இதனினும் பெரிய நகைப்பு ஒன்றுண்டு. பொருளை அவிழ்ப்பவர் பார்வையாளரே என்று முழங்கிய இசுடூவர்ட் ஆல் அவர்களின் கொள்கை, எழுத்துத் தேர்வில் மாணவர் கற்கவேண்டிய கொள்கைகளுள் ஒன்றாக வைக்கப்பட்டிருக்கின்றது! பார்வையாளரைப் பற்றி எழுதக் கற்கவேண்டும். பார்வையாளர் முன் அமரவேண்டுவதில்லை. நீச்சலைப் பற்றி நூல் படிக்கவேண்டும், ஆற்றில் இறங்கவேண்டுவதில்லை!

‘அவ்வினாவிற்கு வந்த விடைகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்த வெற்றுரைகள், ஆகவே அது போனதில் இழப்பில்லை’ என்பார் கூறலாம். விடைகள் வெற்றுரையானது உண்மையே. ஆயின் கிணற்றில் தூர் சேர்ந்தால் தூர் வாருவரா, கிணற்றைத் தூர்ப்பரா? பதின்மர் படிவத்தை ஒழித்திருக்கலாம், ‘ஒருவர் கூறிய குறையும் அதனால் செய்த ஒரு திருத்தமும் காட்டுக, திருத்தாதுவிட்ட குறை ஒன்றையும் அதற்குரிய கரணியத்தையும் காட்டுக’ என்று கேட்டிருக்கலாம். பொய்ப்புகழுக்கு மதிப்பெண் இல்லை, மெய்க்குறைக்கு உண்டு என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும். பள்ளிகள்தோறும் கேட்கும் காது முளைத்திருக்கும்.

பள்ளி கேளாமையைக் கற்பிக்கும்போது வெளியுலகமும் அதற்குத் துணை போகின்றது. ஒரு காணொளியை விரும்பாதோர் எத்துணைப் பேர் என்னும் எண்ணிக்கையை யூடியூப் நிறுவனம் 2021 நவம்பரில் பொதுமக்கள் கண்ணிலிருந்து மறைத்துவிட்டது. கூட்டமாய்ச் சேர்ந்து சிலரை இழிவுசெய்வதைத் தடுக்க என்று அது கரணியம் சொன்னது. ஆக்கியவர்க்கு மட்டும் அவ்வெண் தெரியும். இழிவு தடுக்கப்படவேண்டியதே. ஆயினும் புகழ் முற்றத்திலும் மறுப்பு மூலையிலும் இருக்கும் உலகில் வளரும் இளைஞனுக்கு, மறுப்பைத் தேடிப்போய்க் கேட்கும் பழக்கத்தைப் பள்ளியன்றி வேறு யார் தருவார்? அதே யூடியூப், எந்த நொடியில் எத்துணைப் பேர் காணொளியை விட்டு விலகினர் என்பதையும் ஆக்கியவர்க்கு வரைகோடாகக் காட்டுகின்றது. கோடு விலகிய இடத்தைச் சொல்லும்; விலகியதன் கரணியத்தைச் சொல்லாது. அதனைச் சொல்ல எதிரே ஒரு மாந்தர் வேண்டும்.

அவையை அறிக!

ஆக்கத்தை அவைமுன் வைத்தல் தமிழர்க்குப் புதிய செய்தியன்று. அரங்கேற்றம் என்னும் சொல்லே அதற்குச் சான்று. நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையத்தில் அதங்கோட்டாசான் முன் தொல்காப்பியம் ஆராயப்பெற்றதைப் பனம்பாரனார் பாயிரம் கூறுகின்றது. அங்கே அமர்ந்தோர் கைதட்ட அமர்ந்தாரல்லர். குற்றம் காண அமர்ந்தார். திருக்குறளின் 72-ஆம் அதிகாரம் அவையறிதல். 73-ஆம் அதிகாரம் அவையஞ்சாமை. வள்ளுவர் வைத்த முறையை நோக்குக: அறிதல் முன், அஞ்சாமை பின். அறியாத அஞ்சாமை முரட்டுத்தனம். அறிந்தபின் வரும் அஞ்சாமையே ஆண்மை, பெண்மை, மாந்தம் எல்லாம்.

இன்று தமிழ்நாட்டுக் கல்லூரிகளிலும் காட்சித் தொடர்பியல் பயிலும் இளைஞர் இசைக்காணொளி எடுக்கின்றனர். இங்கிலாந்தில் ஒரு வினா எவ்வாறு பிறந்து, எவ்வாறு சடங்காகி, எவ்வாறு மடிந்தது என்பது அவர்க்கு எச்சரிக்கையாகட்டும். தேர்வுத்தாள் அவ்வினாவைக் கேட்கும்வரை அவர்கள் காத்திருக்க வேண்டுவதில்லை. ஏழு பேர் அமரும் ஒரு திண்ணை போதும். ஒரு சிறு திரை போதும். வாய்மூடி நிற்கும் பொறுமை போதும்.

இளைஞனே! உன் காணொளி ஓடி முடிந்ததும் எழும் கைதட்டலை ஒரு மணித்துளி மகிழ்ந்து கேள். அது உன் உழைப்பின் கூலி. பின், கைதட்டாமல் அமர்ந்திருக்கும் அந்த ஒருவரிடம் போ. அவர் அருகே அமர். ‘என்ன கண்டீர்கள்?’ என்று கேள். அவர் சொல்லி முடிக்கும்வரை உன் காணொளிக்காக வழக்காடாதே. அவர் சொன்னதை ஏற்பதும் தள்ளுவதும் உன் உரிமை. கேட்பது உன் கடமை. கைதட்டியவர் உனக்குத் தந்தது ஒரு மாலைப்பொழுது. கைதட்டாதவர் தருவது உன் அடுத்த ஆக்கம்!